மேல்வீட்டுக்காரர் ஏறிய சுவர்

ஏப்ரல் 2

அன்புள்ள மகளுக்கு,

கதவு மாட்டியாகிவிட்டது. பழையதைவிடப் பளபளப்பு. எதிர்வீட்டுக்காரர் போகும்போதும் வரும்போதும் தடவிப் பார்க்கிறார். நெருப்பில்லாத வீட்டுக்குத் தீயணைப்பு வண்டி அனுப்பிய மகள் என்று இந்தத் தெருவில் உனக்கு நல்ல பெயர்.

நான் செய்த குற்றம் என்ன? சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கூடத்தில் ஹெல்மெட் போட்ட ஆட்கள், முன்னால் நிற்பவர் கையில் கோடாலி. "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது? நீ காலையிலிருந்து போன் அடித்ததும், பக்கத்து வீட்டம்மா கதவை இடித்ததும் எனக்குத் தெரியாது. போன் அடுத்த அறையில் கிடந்தது. இஸ்திரிப் பெட்டியின் நீராவி இரைச்சல் வேறு. இவ்வளவுதான் விஷயம்.

மறுநாளே நீ ஊரிலிருந்து ஓடி வந்தாய். வந்தவள் ஒரு வாய் காபியாவது குடித்தாயா? "உங்ககிட்ட பேசறது செவிடன் காதுல ஊதின சங்கு" என்றாய். கோபத்தில் எல்லோரும் சொல்லுகிற பழமொழிதான். ஆனாலும் அது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அதனால்தான் போன் வேண்டாம் என்று கடிதம் எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையில் நமக்குள் பற்றிக்கொள்கிறது.

நீ போட்ட நிபந்தனை மறக்கவில்லை. "மே மாசக் கடைசிக்குள்ள ஒரு இடம் காட்டுங்க. ஒரு நாள் நீங்க வரலேன்னா, ஏன் வரலேன்னு தேடற ஆள் ஒருத்தராவது இருக்கற இடம். இல்லேன்னா வண்டியோட வந்து உங்களை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்." உன் அம்மா இருந்தவரை என்னைத் தேட ஆள் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த நகரத்தில் பாதிக் கட்டடம் என் கிரேன் தூக்கிவைத்த இரும்பில் நிற்கிறது. இதை விட்டுவிட்டு உன் ஊருக்கு வந்து ஜன்னலோரம் உட்கார எனக்கு மனமில்லை. ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

ஆகவே தேட ஆரம்பித்தேன். நடைக்குழுவில் சேர்ந்தேன்; நடப்பது குறைவு, பேச்சு அதிகம். சீட்டாட்டக் கழகத்துக்குப் போனேன். வாயால் ஏலம் கேட்கிற ஆட்டம், எனக்குப் பிடிக்கவில்லை. வட்டார மன்றத்தில் பாட்டுக் குழுவில் இடம் இருக்கிறது என்றார்கள். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நேற்று பஸ்ஸில் வரும்போது ஒரு கண்ணாடிச் சுவருக்கு உள்ளே பார்த்தேன். கலர் கலராகக் கல் பதித்த உயரமான செயற்கைச் சுவர். கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆட்கள் ஏறுகிறார்கள். யாரும் யாரோடும் பேசக் காணோம். எல்லோரும் சுவரைத்தான் பார்க்கிறார்கள். இதுதான் எனக்கான இடம் என்று முடிவு செய்துவிட்டேன். முதல்முறை வருபவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கிளைம்பிங் ஜிம் இந்த ஊரில் எது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா,
மேல்வீட்டுக்காரர்

(கிரேன் கூண்டில் இருப்பவனைக் கீழே நிற்பவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பதவி போனாலும் பட்டம் போகவில்லை.)


ஏப்ரல் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். இன்று என் வார்டில் படுத்திருப்பவர்களில் ஒருவர் நாற்காலி மேல் ஏறி பல்பு மாற்றியவர். இன்னொருவர் ஏணி மேல் நின்று மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்தவர். இரண்டு பேருமே உங்களைவிட இளையவர்கள். நான் தேடச் சொன்னது நாலு மனிதர்களை. நீங்கள் சுவரைத் தேடிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

சங்கு பற்றிச் சொன்னதற்கு மன்னிப்பு கேட்கிறேன். வார்த்தை தப்பு. சொல்ல வந்த விஷயம் தப்பில்லை. அன்று பகல் முழுக்க உங்கள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே அடித்தேன், கழிப்பறையில் நின்றுகொண்டு அடித்தேன். அதற்குள் உங்களை நான் மனதில் எத்தனை கோலத்தில் பார்த்துவிட்டேன் தெரியுமா? நீங்கள் கையில் சட்டையோடு நின்றதாக பக்கத்து வீட்டம்மா சொன்னபோது சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

வேண்டாம் என்று சொன்னால் கேட்கப் போவதில்லை. அதனால் எங்கள் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டேன். அவர் சொன்னது: "முதல் நாளே மேலே ஏத்திவிடற இடம் வேண்டாம். முதல்ல விழக் கத்துக்கொடுக்கற இடமா பாக்கச் சொல்லுங்க." அப்படி ஒன்று கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டால் பாட்டுக் குழு.

மாத்திரை போடுகிறீர்களா?

மகள்


ஏப்ரல் 15

அன்புள்ள மகளுக்கு,

மாத்திரை போடுகிறேன். பாட்டுக் குழுவின் தலைவிதி நன்றாக இருக்கிறது, தப்பித்தது.

இரண்டு ஜிம் பார்த்துவிட்டேன். முதலாவது, பஸ்ஸிலிருந்து பார்த்த அந்தக் கண்ணாடி மாளிகை. உள்ளே நுழைந்தால் தரையே அதிர்கிறது. பாட்டுப் போட்டிருக்கிறார்கள், காலால் கேட்கலாம். வரவேற்பில் இருந்தவன் என்னைப் பார்த்ததும் உள்ளே கை காட்டி, ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டான். பக்கத்தில் வரிசையாகத் தாத்தா பாட்டிகள், மடியில் பள்ளிக்கூடப் பைகள். பேரப்பிள்ளையைக் கூட்டிப் போக வந்தவன் என்று நினைத்துவிட்டான். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குக் கொடுக்க அவனிடம் பேரப்பிள்ளை எதுவும் இல்லை என்று தெரிந்ததும் எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது இடம் மரியாதையானது. இடுப்புக்கும் தொடைக்கும் பட்டை மாட்டி, கயிற்றைக் கட்டி, "ஏறுங்க" என்றார் பயிற்சியாளர். கயிற்றின் மறுமுனை கீழே அவர் கையில். ஏறினேன். மகளே, என்ன சொல்வது! காலம் முழுக்கக் கூண்டுக்கு இரும்பு ஏணியில் ஏறியவன்தான், ஆனால் அங்கே படி வரிசையாக இருக்கும். இங்கே அடுத்த படி எங்கே என்று நாமே தேட வேண்டும். மூச்சு வாங்கியது, கடைசியில் உச்சியைத் தொட்டுவிட்டேன்.

மேலே நின்று இளைப்பாறினேன். பயிற்சியாளர் கீழேயிருந்து கையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். அவர் இன்னும் பலமாக ஆட்டினார். உற்சாகமான மனிதர். கொஞ்சநேரத்தில் மற்றவர்களும் ஏறுவதை நிறுத்திவிட்டு என்னையே அண்ணாந்து பார்த்தார்கள். இந்த வயதில் ஏறியவனைப் பார்த்திருக்க மாட்டார்கள், பாவம். அப்புறம் ஒரு பெண் பக்கத்துக் கயிற்றில் விறுவிறுவென்று ஏறி வந்து, என் தோளில் கை வைத்து ஏதோ சொன்னாள். சிரித்த முகம். "எனக்கும் இங்க ரொம்பப் பிடிச்சிருக்கும்மா" என்றேன். இரண்டு பேரும் சேர்ந்தே இறங்கினோம்.

ஆனால் அங்கே இனி இடமில்லையாம். கூட்டம் அதிகம் என்று கையை விரித்துவிட்டார்கள். போகட்டும். ஊர் பெரியது, சுவருக்கா பஞ்சம்?

அப்பா


ஏப்ரல் 19

அப்பா,

அந்தப் பெண் அரட்டை அடிக்க ஏறி வரவில்லை. உங்களைக் காப்பாற்ற ஏறி வந்தாள்.

நீங்கள் எழுதியதை மறுபடி யோசித்துப் பாருங்கள். அந்தப் பயிற்சியாளர் கையை ஆட்டியது பாராட்டுவதற்கில்லை. "கயிற்றில் உட்காருங்க, இறக்கறேன்" என்று தொண்டை கிழியக் கத்தியிருப்பார். நீங்கள் அசையவில்லை. பயத்தில் உறைந்துவிட்டீர்கள் என்று நினைத்துவிட்டார்கள். அதனால்தான் எல்லோரும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கூட்டம் அதிகம் என்பது உங்கள் மனம் நோகாமல் சொன்ன பொய். கீழே இறங்கியதும் காது பற்றி யாராவது கேட்டார்களா? கேட்டிருப்பார்கள். நல்லாக் கேக்கும் என்று சொல்லியிருப்பீர்கள். நான் அங்கே நிற்க வேண்டிய அவசியமே இல்லை, எனக்குத் தெரியும்.

எத்தனை வருஷமாக இந்த முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பீர்கள்? கிரேன் இன்ஜினுக்குப் பக்கத்தில் இருந்து போன காது. அதில் என்ன அவமானம்? சீட்டாட்டம் பிடிக்கவில்லை, பாட்டு பிடிக்கவில்லை, பேச்சு பிடிக்கவில்லை என்கிறீர்கள். உங்களுக்குப் பிடிக்காத எல்லாவற்றிலும் காது இருக்கிறது, கவனித்தீர்களா?

என் வார்டில் போன வருஷம் ஒருவர், ஒரு மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை மறைத்துவிட்டார். கேட்டதற்கு, "சொன்னா ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுடுவீங்களோன்னு பயந்தேன்" என்றார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்று ஊசி போட்டது என் கை. அதன் பிறகு பல நாள் எனக்குத் தூக்கமில்லை. நீங்கள் மறைப்பது உங்களோடு போகாது அப்பா. உங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே ஒருவர் நிற்கிறார். அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஏறுங்கள். நான் தடுக்கவில்லை. சொல்லிவிட்டு ஏறுங்கள்.

மகள்


ஏப்ரல் 22

மகளே,

எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

அப்பா


மே 5

அன்புள்ள மகளுக்கு,

கோபமாக இருந்தேன், அதனால் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. இரண்டு பேரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள், யாரைக் குறை சொல்வது?

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சலவைக்கடைக்குப் பின்னால், பழைய சாமான் கிடங்கில், மூன்றாவது ஜிம்மைக் கண்டுபிடித்தேன். வாசலில் பலகைகூடச் சின்னது. நடத்துகிற அம்மாள் முன்பு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். கண்ணாடி இல்லை, பாட்டு இல்லை. புதிதாக வருபவர்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் மாலையில் தனி வகுப்பு.

உன் பிசியோதெரபிஸ்டிடம் சொல், முதல் வகுப்பில் சுவரைத் தொடவே விடவில்லை. முட்டி உயரப் பெட்டி மேல் நின்று மெத்தையில் விழச் சொன்னார். கையை ஊன்றாமல், மார்போடு சேர்த்துக்கொண்டு, முதுகை உருட்டி விழ வேண்டும். முதலில் கௌரவமாக விழப் பார்த்தேன். "சார், சட்டை கசங்கும். பரவாயில்ல, விழுங்க" என்றார் டீச்சரம்மா. விழுந்தேன். கூட இருந்தவர்கள் ஒரு பஸ் டிரைவர், கல்லூரி மாணவிகள் இரண்டு பேர், அப்புறம் ஒரு ரொட்டிக்கடைக்காரம்மா. எல்லோரும் மாறி மாறித் தொப்பென்று விழுந்ததில் ஒருவர் மேல் ஒருவருக்கு மரியாதை போய், பழக்கம் வந்துவிட்டது.

ரொட்டிக்கடைக்காரம்மாவுக்கு உயரம் என்றால் உயிர் போய்விடும். கடையில் மாவு மூட்டை மேல்தட்டில் இருக்கிறதாம். ஒவ்வொரு நாளும் அதை எடுக்க யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கிறதாம். அதற்காக வந்திருக்கிறார். முதல் நாள் டீச்சரம்மா எல்லோரிடமும், "உங்களைப் பத்தி எனக்கு என்ன தெரியணும்?" என்று கேட்டார். அந்தம்மா பயத்தைச் சொன்னார். பஸ் டிரைவர் முதுகுவலியைச் சொன்னார். நான் முழங்கால் என்று சொல்லிவைத்தேன். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை, உனக்கே தெரியும்.

போன வெள்ளிக்கிழமை முதன்முறையாகக் கயிறு. அந்தம்மா ஏற, கயிற்றைப் பிடிக்கிறவன் நான். இங்கே ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் போட்ட முடிச்சை இன்னொருவர் இழுத்துப் பார்க்காமல் யாரும் தரையை விட்டுக் காலை எடுக்கக் கூடாது. அந்தம்மாவின் முடிச்சை இழுத்துப் பார்த்தேன், அவர் என் கயிற்றுப் பூட்டைப் பார்த்தார். அப்புறம் என் முகத்துக்கு நேராக நின்று சொன்னார்: "நான் போதும்னு கத்துவேன். கத்தின உடனே இறக்கிடணும். கொஞ்சம் தாமதிச்சாலும் என் உயிர் அங்கேயே போயிடும். சரியா?"

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். "சரி" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

கிரேனில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். கீழே நிற்பவனின் சைகை தெரியவில்லை என்றால் கொக்கியை அசைக்கக் கூடாது. மழையோ, புகையோ, முதலாளியே வந்து கத்தினாலும் சரி. அந்தச் சட்டத்தை மீறி ஒரு ஆணியைக்கூட நான் நகர்த்தியதில்லை. இன்று ஒரு மனுஷியை மேலே அனுப்பிவிட்டு, அவர் கத்துவது கேட்காத காதோடு கீழே நிற்கப் போகிறேன். உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. அது இல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

"எனக்குக் காது கேக்காது!" என்றேன்.

என் குரலின் அளவு எனக்கு எப்படித் தெரியும்? கிடங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சுவரில் பாதியில் இருந்தவர்கூடத் தலையைத் திருப்பினார். ரொட்டிக்கடைக்காரம்மா என்னைப் பார்த்து, "அதை ஏன் ஊருக்கே கேக்கற மாதிரி சொல்றீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொன்னால் வெட்கமாக இருக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பசிதான் எடுத்தது.

அப்புறம் கிரேன் சைகைகளைக் கற்றுக்கொடுத்தேன். முஷ்டியை மூடினால் நிறுத்து, கையைத் தாழ்த்தினால் இறக்கு. பெரிய மனிதன் மாதிரி விளக்கினேன். அந்தம்மா பாதிச் சுவர் ஏறினார், பயந்தார், இரண்டு கையாலும் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சைகை காட்டக் கை எங்கே இருக்கிறது? நான் கீழே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பார்த்தால் இடது காலைப் பின்பக்கமாக உதைக்கிறார், குதிரை மாதிரி. இறக்கினேன். இறங்கியதும், "கால்தான் சும்மா இருந்துச்சு" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குக் கால் பாஷைதான். ஒரு உதை என்றால் நிறுத்து, இரண்டு உதை என்றால் இறக்கு.

நீ சொன்னதுதான் சரி. எழுதுவதற்குக் கஷ்டமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

அப்பா


மே 10

அன்புள்ள அப்பாவுக்கு,

துணி வைக்கும் அறையில் நின்று உங்கள் கடிதத்தைப் படித்தேன். குதிரை என்ற இடத்தில் சிரித்தது வெளியே கேட்டு, வார்டு பையன் எட்டிப் பார்த்தான். அதற்கு முந்திய பத்தியைப் படித்தபோது அவன் எட்டிப் பார்க்காததில் எனக்கு நிம்மதி. ரொம்பப் பெருமையாக இருக்கிறது அப்பா. இதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் வண்டிக்குச் சொல்லிவைத்ததை நான் மாற்றவில்லை. நான்கு வகுப்பில் சேர்ந்து விழுந்தவர்கள் நாளைக்கே வேறு பொழுதுபோக்குக்குப் போய்விடுவார்கள். மாணவிகளுக்குப் பரீட்சை வரும், டிரைவருக்கு ஷிப்ட் மாறும். அப்போது நீங்கள் மறுபடி இஸ்திரிப் பெட்டியோடு தனியாக நிற்பீர்கள். நீங்கள் வராத நாளில் யாராவது தேடுவார்களா? இன்னும் தெரியாதே. ஒரு நாளும் நீங்கள் போகாமல் இருக்கவில்லையே.

இங்கே உங்கள் அறையைத் தயார் செய்துவிட்டேன். இளம்பச்சைச் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். அழைப்பு மணி அடித்தால் மின்னுகிற விளக்கு ஒன்று மாட்டியிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மட்டும்தான் உண்மை சொல்ல வேண்டுமா? அந்த அறை முழுக்க உங்களுக்காக இல்லை. உங்கள் மருமகன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனதிலிருந்து, டூட்டி முடிந்து வந்து நானே பூட்டைத் திறந்து, நானே விளக்கைப் போட்டு, காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருப்பதைப் பார்க்கிறேன். நீங்கள் வந்தால் அந்த டம்ளராவது இடம் மாறியிருக்கும்.

மகள்


மே 15

என் கண்ணுக்கு,

டம்ளர் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். மருமகன் போனதை நீ, "ஒண்ணுமில்லப்பா, ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்" என்று சொன்னபோது நான் நம்பினேன். செவிடன் நான் மட்டும்தான் என்று இல்லை போலிருக்கிறது. நீ சொல்லாததை நானும் கேட்கவில்லை.

வா என்று நீ கூப்பிட்டால் வராமல் இருப்பேனா? அந்த மாதிரி அப்பன் இல்லை நான். ஆனால் யோசித்துப் பார். நான் உன் வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும்? நீ டூட்டிக்குப் போவாய். நான் பச்சை அறையில் உட்கார்ந்து நீ எப்போது வருவாய் என்று விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ களைத்து வருவாய், அப்பா தனியாக இருப்பாரே என்று வெளியே எங்கும் போக மாட்டாய். தனியாக இருக்கும் இரண்டு பேரை ஒரே வீட்டில் போட்டுப் பூட்டினால் துணை ஆகிவிடாது, கண்ணு. கணக்கில் இரண்டு பேர், அவ்வளவுதான்.

ஆகவே நீ எனக்கு வைத்த நிபந்தனையை உனக்கும் வைக்கிறேன். ஒரு நாள் நீ வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தேட உனக்கு யார் இருக்கிறார்கள்? டூட்டிக்குப் போகாவிட்டால் தேடுவார்கள், அது வேலைக்கு ஆள் வேண்டும் என்று. உன் லீவு நாளில் யார் தேடுவார்கள்? எனக்கும் ஒரு இடம் காட்டு. சுவராக இருக்க வேண்டியதில்லை. பாட்டுக் குழுவாக இருந்தாலும் சம்மதம், உனக்குத்தான் காது நன்றாக இருக்கிறதே.

மே கடைசியில் வண்டியோடு நீ வந்தால் பெட்டியோடு நிற்கிறேன். வாக்கு வாக்குதான். இல்லாவிட்டால் சும்மா வா, ரொட்டி வாங்கி வைக்கிறேன். அந்தம்மா இப்போது மேல்தட்டு மூட்டையைத் தானே எடுக்கிறார்.

அப்பா


மே 23

அப்பா,

எங்கே போனீர்கள்?

நேற்று வெள்ளிக்கிழமை, வார்டில் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. மறுபடியும் வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தேன். ஒரு பெண்குரல், மூச்சு வாங்குகிறது.

"நர்ஸம்மாவா? உங்கப்பா இன்னிக்கு வரல. அவரு வராம இருக்கறவரு இல்ல. வீட்டுக்கு ஆள் அனுப்பினேன், பூட்டிக்கிடக்கு. பக்கத்து வீட்டுல கேட்டா காலையிலயே சட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு பஸ் ஏறினாருன்னு சொல்றாங்க. எங்க போனாரு? உங்களுக்குத் தெரியுமா? உங்கப்பா எழுதிக்கொடுத்த நம்பரை டீச்சரம்மாகிட்ட பிடுங்கிட்டு வந்து அடிக்கறேன்."

யார் நீங்கள் என்று கேட்டேன். "நானா? ரொட்டிக்கடை. அவரு கயிறு பிடிக்காம நான் ஏற மாட்டேன்" என்றார்.

வார்டு வராந்தாவில் நின்று அழுதேன் அப்பா. அந்தம்மா பயந்துவிட்டார். "ஐயோ, ஏதாவது கெட்ட சேதியா?" என்றார். "இல்லீங்க, நல்ல சேதி. எங்கப்பா வரலேன்னு நீங்க தேடறீங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. இரவு நீங்கள் வீடு திரும்பிவிட்டதாக அவரே மறுபடி சொன்னார். நாங்கள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். உங்களைப் பற்றித்தான், பெரும்பாலும் புகார்.

வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் எங்கே போனீர்கள் என்பதை எழுதுங்கள். வீட்டில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை.

மகள்


மே 26

என் கண்ணுக்கு,

காதும் காதும் வைத்தாற்போல் ஒரு காரியம் செய்யலாம் என்று பார்த்தால் இந்த ஊரில் முடியாது போலிருக்கிறது. காது டாக்டரிடம் போனேன். நகரத்தின் மறுகோடி, இரண்டு பஸ். திரும்பி வர நேரமாகிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் ரொம்ப நேரம் அழுத்தாமலே இருந்தேன். அந்தப் பெண், மெஷின் ஓடுகிறதா என்று எழுந்து வந்து பார்த்தாள். அதற்குமேல் வாதாட எனக்கு ஒன்றுமில்லை.

இரண்டு காதிலும் இப்போது மெஷின். பிடிக்கவில்லை. பிரிட்ஜ் உறுமுகிறது. என் செருப்பு இவ்வளவு சத்தம் போடும் என்று யாரும் சொல்லவில்லை. தெருவில் போகிற வண்டியெல்லாம் வீட்டுக்குள் வருகிறது. பழகிவிடும் என்கிறார்கள், பார்ப்போம்.

இன்று வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போனேன். ரொட்டிக்கடைக்காரம்மா ஏறினார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதியில் பயந்தார், கத்தினார். மகளே, இத்தனை நாளாக மேலே நின்று அவர் என்ன கத்திக்கொண்டிருந்தார் என்று இன்றுதான் கேட்டது. சுவரை, சுவர் கட்டியவனை, டீச்சரம்மாவை, மாவு மூட்டையை, எல்லாவற்றுக்கும் மேலாக என்னை. பெற்ற மகளுக்கு எழுதக்கூடிய வார்த்தைகள் இல்லை. கிரேன் யார்டில்கூட நான் அப்படிக் கேட்டதில்லை. இறங்கி வந்ததும், "எல்லாம் கேட்டுச்சு" என்று காதைக் காட்டினேன். முகம் சிவந்து, "கழட்டுங்க அதை முதல்ல" என்றார்.

நீ அழுதாய் என்று அவர் சொன்னார். என்னால் நீ பலமுறை அழுதிருக்கிறாய், எனக்குத் தெரியும். நல்ல சேதிக்காக அழுதது இதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

என் நிபந்தனைக்கு இன்னும் பதில் வரவில்லை.

அப்பா


மே 31

அன்புள்ள அப்பாவுக்கு,

இதோ பதில்.

எங்கள் நகராட்சி விளையாட்டரங்கில் ஒரு மூலையில் சுவர் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் டூட்டிக்குப் போகிறேன், இதுவரை கண்ணில் பட்டதில்லை. சனிக்கிழமை மாலையில் முதல்முறை வருபவர்களுக்கு வகுப்பு. நேற்று போனேன். எங்கள் பிசியோதெரபிஸ்டையும் இழுத்துக்கொண்டு போனேன். ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிறாரே தவிர அவரும் ஏறியதில்லையாம்.

நான் நன்றாக ஏறினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். என் உயரம்கூட ஏறவில்லை. ஒவ்வொரு கல்லைப் பார்க்கும்போதும் ஒரு எக்ஸ்ரே ஞாபகம் வருகிறது. இதிலிருந்து விழுந்தால் மணிக்கட்டு, இதிலிருந்து விழுந்தால் இடுப்பு. கடைசியில் கை வழுக்கி விழுந்தேன். கையை ஊன்றவில்லை, மார்போடு சேர்த்துக்கொண்டேன், முதுகு உருண்டது. ஒன்றும் ஆகவில்லை. மெத்தையில் படுத்தபடியே கூரையைப் பார்த்துச் சிரித்தேன். பக்கத்தில் ஒரு தபால்காரர் விழுந்து கிடந்தார், அவரும் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை வருவீங்களா என்று கேட்டார். வருவேன் என்றேன்.

ஜூன் பதினைந்தாம் தேதி உங்களைப் பார்க்க வருகிறேன். பஸ்ஸில்தான். ரொட்டிக்கடைக்காரம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

பச்சை அறை அப்படியே இருக்கட்டும். எப்போது வந்து எத்தனை நாள் இருந்தாலும் அது உங்களுடையது.

வகுப்பு முடிந்து கிளம்பும்போது பயிற்சியாளர் கேட்டார்: "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்க யாரைக் கூப்பிடணும்?" முன்பு இந்த மாதிரி இடங்களில் உங்கள் மருமகனுடைய எண்ணைக் கொடுப்பேன். அவர் போன பிறகு ஆஸ்பத்திரி எண்ணைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நேற்று உங்கள் எண்ணைக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மாலைகளில் மெஷினைக் கழற்றாதீர்கள். போன் அடித்தால் எடுங்கள், அப்பா.

மகள்